இனிப்பு நீர்ப் பிள்ளைகளுக்காக ஜெராய் மலை ஏறிய சனிக்கிழமை: ஒரு மதிப்பீடு

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கில் வாழும் எங்களுக்கு ஜெராய் மலையை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நான் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவனாக, வேலை செய்யும் தோட்ட அலுவலகத்தின் சன்னலைத் திறந்தால், செம்பனை வரிசைகளுக்கு மேலே அதுதான் நிற்கிறது. காலையில் அதன் தலையில் மேகம் இறங்கியிருந்தால் பிற்பகலில் மழை வரும் என்று பழைய ஆட்கள் இன்றும் கணக்குச் சொல்கிறார்கள். 1,217 மீட்டர் உயரமுள்ள அந்த மலையில், உலக நீரிழிவு நாளான நவம்பர் 14-ஐ ஒட்டிய சனிக்கிழமை அன்று, சிறார் நீரிழிவு ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதற்காக ஒரு மலையேற்றம் நடத்தப்பட்டது. நானும் என் மகளும் கலந்துகொண்டோம். அவளுக்கு வயது 11. ஏழு வயதிலிருந்து முதல் வகை நீரிழிவோடு, எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் இனிப்பு நீரோடு, வாழ்ந்து வருகிறாள். யாருக்காக அந்த நிதி திரட்டப்பட்டதோ அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியின் தகப்பன் எழுதும் மதிப்பீடு இது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதை எப்படி, சாப்பாடு எப்படி, டி-சட்டை எப்படி என்ற கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது. ஆனால், அந்த நோயுள்ள ஒரு பிள்ளை அந்த நடையில் மற்றவர்களைப் போலப் பாதுகாப்பாக நடந்து முடிக்க வசதி இருந்ததா என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட அளவுகோல்.

பதிவுக் கட்டணம் பெரியவருக்கு 60 ரிங்கிட், சிறுவருக்கு 35 ரிங்கிட். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்த பிறகும், 60 ரிங்கிட் என்பது தோட்டத்தில் ஏறக்குறைய ஒரு நாள் கூலி. அதைப் பெரிது என்று நான் குறை சொல்லவில்லை, ஏனென்றால் நன்கொடை நடை என்றால் கொடுப்பதற்குத்தான் போகிறோம். என்னைத் திடுக்கிடச் செய்தது பதிவுப் பாரத்தின் கடைசிப் பகுதி. இருதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, நீரிழிவு ஆகியவை உள்ளவர்கள் கலந்துகொள்ள வேண்டாம் என்றும், மீறிக் கலந்துகொண்டால் ஏற்பாட்டுக் குழு பொறுப்பேற்காது என்றும் மலாயில் ஒரு வரி அச்சிடப்பட்டிருந்தது. நீரிழிவுப் பிள்ளைகளுக்காக நடத்தப்படும் நடையில் நீரிழிவுப் பிள்ளைக்கு இடமில்லை என்று சொல்லும் அந்த வரியை என் மகளும் படித்துவிட்டாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் நான் ஏற்பாட்டாளர்களைத் தொலைபேசியில் அழைத்தேன். வேறு ஏதோ ஓட்டப் போட்டியின் பாரத்தை அப்படியே எடுத்துப் பயன்படுத்தியதால் வந்த தவறு என்று அவர்கள் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்கள். இரண்டு நாளில் திருத்திய பாரம் வந்தது. முதல் வகை நீரிழிவுள்ள சிறுவர்கள் மருத்துவரின் கடிதத்தோடும், ஊசியும் சோதனைக் கருவியும் கையாளத் தெரிந்த ஒரு பெரியவரோடும் கலந்துகொள்ளலாம் என்று அதில் இருந்தது. கடிதம் கேட்டது நியாயமானது. அந்தக் கடிதத்திற்காகப் போனபோதுதான், மலையேறும் நாளில் காலை இன்சுலின் அளவை எவ்வளவு குறைக்க வேண்டும், எந்த அளவுக்குக் கீழே இருந்தால் நடக்கத் தொடங்கவே கூடாது என்பதை எல்லாம் மருத்துவமனையின் சிறப்புத் தாதி என் மகளிடமே உட்கார்ந்து பேசி, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அந்த அளவுகள் பிள்ளைக்குப் பிள்ளை மாறுபடும் என்பதால் இங்கே எழுதவில்லை. அடுத்த ஆண்டு கலந்துகொள்ள எண்ணும் பெற்றோர் தங்கள் பிள்ளையின் அளவை அதே வழியில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த நோயைப் பற்றி நம் மக்களிடையே உள்ள குழப்பத்தை நான் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் அந்தக் குழப்பம் என் வீட்டிலும் இருந்தது. நம்மிடையே வீட்டுக்கு ஒருவருக்கு இனிப்பு நீர் இருக்கிறது. அது பெரும்பாலும் இரண்டாம் வகை, வயது ஏற ஏற வருவது, உணவோடும் உடல் எடையோடும் பரம்பரையோடும் தொடர்புடையது. முதல் வகை வேறு. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா அணுக்களை உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே அழித்துவிடுவதால் அது வருகிறது. சீனி தின்றதால் வருவதில்லை, சீனியை நிறுத்துவதால் போவதும் இல்லை. வாழ்நாள் முழுவதும் இன்சுலின் ஏற்றிக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை. என் மகள் ஏழு வயதில் குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, இரவில் படுக்கையை நனைத்து, பள்ளிச் சீருடை தொளதொளவென்று தொங்கும் அளவுக்கு இளைத்தபோது, நாங்கள் அழைத்துச் சென்ற கிளினிக்கில் வயிற்றுக் கோளாறு என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். இரண்டு நாள் கழித்து, மூச்சு ஆழமாக வாங்கி, வாயில் பழுத்த பழத்தின் வாடை வீசிய நிலையில் அவளைப் பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த இரண்டு நாளை நான் இன்னும் மறக்கவில்லை. இந்த நடைக்கு நான் பெயர் பதிந்துகொண்டதற்கு அதுவே காரணம்.

இனி நடையைப் பற்றி. முதலில் காலணி, ஏனென்றால் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) பலரும் அதைத்தான் கேட்கிறார்கள். நாங்கள் இருவரும் அணிந்தது தோட்டக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த கறுப்பு ரப்பர் காலணி. அடிடாஸ் நிறுவனத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை என்றாலும் நாடு முழுவதும் அதற்கு அடிடாஸ் கம்போங் என்றே பெயர். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனபோது அணிந்ததும் அதுதான். ஒரே அச்சில் வார்த்தது என்பதால் தையல் பிரியாது, உள்ளே போன தண்ணீர் உடனே வெளியேறிவிடும், ஈர வேரிலும் களிமண்ணிலும் அதன் அடிப்பகுதியின் முள் அப்படிப் பிடிக்கும். நவம்பர் கெடாவில் மழைக்காலம். முந்தின நாள் மாலை கொட்டிய மழையில் காட்டுப் பாதை குழைந்து கிடந்தது. பல நூறு ரிங்கிட் கொடுத்து வாங்கிய ஓட்டக் காலணியோடு வந்தவர்கள் வழுக்கிய இடத்தில் நாங்கள் நின்று நடந்தோம். ஆனால் இந்த நடையின் முதல் பகுதி தார்ச்சாலை, அங்கே இந்தக் காலணி குதிகாலுக்கு எந்த மெத்தையும் தராது. தடித்த காலுறை இரண்டு அடுக்கு போட்டும் எனக்கு வலித்தது. நீரிழிவு உள்ளவர்கள் பாதத்தில் கொப்புளம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் மகளின் காலுறையைக் கழற்றி விரல் இடுக்கு வரை பார்த்தேன். இரண்டாவது நிறுத்தத்தில் கணுக்காலில் ஒரு அட்டை மட்டும் இருந்தது. சாலைக்கு ஒரு காலணி, காட்டுக்கு ஒரு காலணி என்று இரண்டு கொண்டுவரும்படி ஏற்பாட்டாளர்கள் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

காலை ஆறு மணிக்கு பீடோங்கிலிருந்து வேன்கள் புறப்பட்டு, குரூண் பக்கமாக மேலே ஏறும் சாலையில் எங்களை இறக்கிவிட்டன. வேன்கள் நேரம் தவறவில்லை. அந்த நேரத்தில் இன்னும் இருட்டுதான். கைவிளக்கு கொண்டுவரும்படி முன்பே தெரிவித்திருந்தார்கள், கொண்டுவராதவர்களுக்கு அவர்களே கொடுத்தார்கள். பசியாற, தேங்காய்ப்பாலில் வெந்த சோறான நாசி லெமாக் பொட்டலம் கொடுத்தார்கள். மிளகாய்ச் சம்பலும் நெத்திலியும் நன்றாக இருந்ததாக மற்றவர்கள் சொன்னார்கள். நாங்கள் அதைத் தொடவில்லை, ஏனென்றால் ஒரு பொட்டலத்தில் எவ்வளவு சோறு என்று தெரியாமல் இன்சுலின் கணக்குப் போட முடியாது; தேங்காய்ப்பாலின் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும் என்பதால், ஊசி போட்டுவிட்டு மலையேறும்போது எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பதையும் சொல்ல முடியாது. வீட்டில் நிறுத்து வைத்த இட்லியை அவள் சாப்பிட்டாள். பொட்டலத்தின் மேல் சோற்றின் எடையை ஒரு சிறு தாளில் ஒட்டுவது பெரிய வேலை அன்று. சிறார் நீரிழிவுக்காக நடக்கும் நடையில் அது செய்யப்பட்டிருக்க வேண்டும்.

சாலையின் முதல் வளைவுகளைத் தாண்டியபோது பொழுது விடிந்தது. கீழே செம்பனை, அதற்கு அப்பால் யான் பக்கத்து நெல் வயல்கள், அதற்கும் அப்பால் கடல். கெடாவின் பழைய பெயரான கடாரத்துக்கு வந்த கப்பல்கள் தூரத்திலிருந்தே இந்த மலையைக் குறி வைத்துத்தான் கரை தேடின என்று பள்ளியில் படித்ததை மகளிடம் சொன்னேன். பூஜாங் பள்ளத்தாக்கின் சண்டிகள் என்னும் பழைய கோயில் இடிபாடுகள் இதே மலையின் அடிவாரத்தில்தான் இருக்கின்றன. நடப்பவர்களுக்கு ஒரு பக்கம் கயிறு கட்டி, வாகனங்களை மறு பக்கம் மெதுவாக அனுப்பிய தொண்டர்கள் நல்ல பயிற்சி பெற்றவர்கள்.

இந்த நடையில் எனக்கு மிகவும் பிடித்தது வழியெங்கும் வைக்கப்பட்டிருந்த பலகைகள். ஏறக்குறைய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒன்று. இந்த நோயின் ஆராய்ச்சி எப்படி நகர்ந்தது என்பதை நடக்க நடக்கப் படிக்கும்படி எழுதியிருந்தார்கள். 1921-இல் டொரோண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தது முதல் பலகை. 1922 ஜனவரியில், சாகும் நிலையில் இருந்த லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு அது முதன்முதலில் செலுத்தப்பட்டது இரண்டாவது. அதற்கு முன்பெல்லாம் இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டு வைத்துச் சில மாதங்களைக் கூட்டிக் கொடுப்பது ஒன்றே மருத்துவம். 1923-இல் கண்டுபிடிப்பாளர்கள் அதன் காப்புரிமையை டொரோண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்கு விற்றுவிட்டார்கள் என்பதை மூன்றாவது பலகையில் படித்த என் மகள், ஒரு டாலரா என்று இரண்டு முறை கேட்டாள். பாண்டிங்கின் பிறந்த நாள்தான் நவம்பர் 14 என்பதும் அதில் இருந்தது. நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் 1970-இல் அமெரிக்காவில் ஒன்றுகூடி ஆராய்ச்சிக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கியதும், அது வளர்ந்து 2024-இல் பெயர் மாறியதும் மற்றொன்றில் இருந்தன. பெற்றோர் கையேந்தித் திரட்டிய பணத்தில் தொடங்கியது என்ற அந்தப் பலகையின் முன்னால் நான் சற்று நேரம் நின்றேன்.

பலகைகளில் குறை ஒன்றுதான். மலாயும் ஆங்கிலமும் இருந்தன, தமிழ் இல்லை. நடந்தவர்களில் பாதிப்பேராவது தோட்டத் தமிழர்கள். எங்களோடு நடந்து வந்தவர் பால் வெட்டி ஓய்வு பெற்ற ஓர் அம்மா, வயது அறுபதுக்கு மேல் இருக்கும். பலகையைப் பார்த்துவிட்டு என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். என் மகள் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் மேற்கையில் ஒட்டியிருந்த, சர்க்கரையை அளக்கும் சென்சாரைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்:

“ஏன் கண்ணு, இந்த வயசுலயே இனிப்பு நீரா? மிட்டாய் நெறைய தின்னியா?”

“இல்ல பாட்டி, மிட்டாயால வரல. ஒடம்புல கிருமிய அடிக்கிற படை இருக்குல்ல, அது ஆளு தெரியாம இன்சுலின் செய்யிற எடத்தையே அடிச்சிருச்சி.”

அவர் நடையை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். “என் வீட்டுக்காரருக்குக் கால எடுத்தாங்க தம்பி. அதும் இதும் ஒண்ணுன்னுல்ல இவ்வளவு நாளா நெனச்சிக்கிட்டு இருந்தேன்.” அதன் பிறகு அடுத்த பலகை வரும் வரை அவர் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். ஒரு பதினொரு வயதுப் பிள்ளை இரண்டு மூச்சில் சொன்னதைப் பலகையில் தமிழில் எழுத யாருக்கும் சிரமம் இருந்திருக்காது. எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் கேட்டிருந்தால் ஆசிரியர்கள் ஒரே மாலையில் எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

கடைசி இரண்டு பலகைகள் இன்றைய ஆராய்ச்சியைப் பற்றியவை. நோய் முழுமையாக வெளிப்படும் முன்பே, இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்களைக் கொண்டு அது வரப்போவதை இப்போது கண்டறிய முடிகிறது. அந்த நிலையில் உள்ள, எட்டு வயது நிரம்பியவர்களுக்கு டெப்லிசுமாப் என்ற மருந்தைக் கொடுக்க 2022 நவம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அது நோயை நிறுத்திவிடுவதில்லை; ஆய்வில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டது. இரண்டு ஆண்டுதானே என்று நினைப்பவர்கள் ஒரு சிறு பிள்ளைக்கு நாளுக்கு நான்கு ஊசி என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம், ஏறக்குறைய மூவாயிரம் ஊசி வரும். குருத்தணுக்களிலிருந்து வளர்த்த இன்சுலின் அணுக்களை 12 பேருக்குச் செலுத்தியதில், ஓராண்டு கழித்து 10 பேர் இன்சுலின் ஊசி இல்லாமல் இருந்தார்கள் என்ற 2025-ஆம் ஆண்டு ஆய்வு கடைசிப் பலகையில் இருந்தது. அவர்கள் எல்லாரும் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளைத் தொடர்ந்து சாப்பிட வேண்டியவர்கள், ஆகவே இப்போதைக்குப் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது என்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். பணம் கேட்கும் இடத்தில் நாளையே குணமாகிவிடும் என்று எழுதுவது எளிது.

இப்போது, இந்த மதிப்பீட்டில் நான் அதிகம் சொல்ல வேண்டிய பகுதிக்கு வருகிறேன். காட்டுப் பாதை தொடங்கிய பிறகு ஏற்றம் கடுமையானது. வேர்களைப் பிடித்து ஏற வேண்டிய இடங்கள் இருந்தன. சென்சார் காட்டிய சர்க்கரை அளவு லிட்டருக்கு 5.6 மில்லிமோல், இறங்குகிறது என்று காட்டும் கீழ்நோக்கிய அம்புக்குறியோடு. சென்சார் அளப்பது தோலுக்கடியில் உள்ள நீரில் இருக்கும் சர்க்கரையை. இரத்தத்தில் நடப்பது அதற்குச் சில நிமிடம் கழித்தே அதில் தெரியும். நடந்து ஏறும்போது சர்க்கரை வேகமாக இறங்கினால் அந்தச் சில நிமிடம் பெரிய இடைவெளி. அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டு வந்த பிள்ளையின் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தால் உதடு வெளுத்து, மேலுதட்டில் பொட்டுப் பொட்டாக வியர்வை. உட்கார வைத்து விரலில் குத்தப் போனபோது, சற்று முன் நிறுத்தத்தில் கொடுத்த ரோஜா பானத்தின் பிசுபிசுப்பு விரலில் இருப்பதைக் கண்டு, அதைத் தண்ணீரால் கழுவித் துடைத்த பிறகே குத்தினேன்; சீனி ஒட்டிய விரலில் சோதித்தால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். கருவியில் 3.4 என்று வந்தது. லிட்டருக்கு 3.9 மில்லிமோலுக்குக் கீழே போனால் உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். ஒன்று நான்கு கிராம் உள்ள குளுக்கோஸ் மாத்திரை நான்கைக் கடித்துத் தின்றாள். பிறகு பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஏற்பாட்டுக் குழுவின் பலவீனமும் பலமும் இரண்டும் தெரிந்தன. அருகில் இருந்த நிறுத்தத்திலிருந்து ஓடி வந்த ஒரு தொண்டர் சாக்லேட் வேஃபரை நீட்டினார். நல்ல மனத்தோடு செய்தது. ஆனால் சாக்லேட்டில் உள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும் என்பதால் அந்த நேரத்துக்கு அது உதவாது. அவர்களுடைய முதலுதவிப் பெட்டியில் குளுக்கோஸ் மாத்திரை இல்லை, பிள்ளை மயங்கிவிட்டால் போட வேண்டிய குளுக்ககான் ஊசியும் இல்லை. மருத்துவமனையில் எங்களுக்குக் கொடுத்திருந்த ஊசி என் பையில் இருந்தது, நல்லவேளையாக அதைத் திறக்கும் நிலை வரவில்லை. இன்னொருவர், என் பையில் இருந்த இன்சுலின் பேனாவைப் பார்த்துவிட்டு, வெயிலில் கெட்டுப்போகும் என்று சொல்லி ஐஸ் பெட்டிக்குள் வைக்க வாங்கினார். நான் பணிவாகத் திரும்ப வாங்கிக்கொண்டேன். இன்சுலின் சூட்டில் கெடுவது உண்மை. ஐஸ் கட்டியோடு ஒட்டி உறைந்தாலும் அது கெட்டுவிடும், ஆனால் பார்ப்பதற்கு நல்ல மருந்தைப் போலவே இருக்கும். ஈரத் துணி சுற்றிய வாயகன்ற பிளாஸ்க்கில் அதை வைத்திருந்தோம், கடைசி வரை அது போதுமானதாக இருந்தது. இந்த மூன்று விஷயங்களையும் தொண்டர்களுக்கு முந்தின நாள் அரை மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

ஆனால் வரிசையின் கடைசியில் நடந்து வந்த இளைஞரைப் பற்றி எழுதாவிட்டால் நான் நன்றி கெட்டவன். யாரும் பின்தங்கிவிடாமல் பார்ப்பது அவர் வேலை. எங்களைக் கண்டதும் அவர் எதையும் நீட்டவில்லை, எதையும் சொல்லித் தரவில்லை. எங்களுக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து, எவ்வளவு நேரம் வேண்டும் என்று மட்டும் கேட்டார். பதினைந்து நிமிடம், அதற்குப் பிறகு இன்னொரு சோதனை, தேவைப்பட்டால் இன்னும் பதினைந்து என்று என் மகளே சொன்னாள். அவர் வாக்கிடாக்கியில் பேசி, மேல் நிறுத்தத்தை மூடும் நேரத்தை அரை மணி நேரம் தள்ளிவைக்கச் செய்தார். எங்களால் கூட்டம் தாமதமாகிறது என்ற பார்வை அவரிடம் துளியும் இல்லை. இரண்டாவது சோதனையில் 5.1. ஒரு ரொட்டித் துண்டைத் தின்றுவிட்டு அவள் எழுந்து நடந்தாள். இந்த நோயுள்ள பிள்ளைகளுக்கு மருந்துக்கு அடுத்தபடியாக வேண்டியது, உட்கார வேண்டிய நேரத்தில் வெட்கப்படாமல் உட்கார விடுவது. அன்று அது அவளுக்குக் கிடைத்தது.

மேலே, சுங்கை தெரோய் வனப்பூங்காவில் நடை முடிந்தது. குளிர்ந்த காற்று, ஓடைச் சத்தம், மேகம் கலைந்து கலைந்து மூடியதால் வயல்கள் கண்ணாமூச்சி ஆடின. பதக்கம் கொடுத்தார்கள், பழம் கொடுத்தார்கள், கழிவறை சுத்தமாக இருந்தது, இறங்குவதற்கு வேன் காத்திருந்தது. டி-சட்டையின் துணி வியர்வையை உறிஞ்சாத ரகம். அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

பணத்தைப் பற்றிப் பேசாமல் நன்கொடை நடையை மதிப்பிட முடியாது. எண்களோடு வாழும் கிராணி என்பதால் ரசீதைத்தான் முதலில் பார்த்தேன். வரி விலக்குக்குரிய 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவு குறிப்பிடப்பட்டு, எண்ணோடு முறையான ரசீது வந்தது. ஆனால் விளம்பரத் தாளில் வருமானத்தின் ஒரு பகுதி ஆராய்ச்சிக்குச் செல்லும் என்று மட்டுமே எழுதியிருந்தார்கள். ஒரு பகுதி என்றால் எவ்வளவு? எந்த ஆராய்ச்சி? பரிசோதனைச் சாலையில் நடக்கும் ஆய்வா, அல்லது சிறார் நீரிழிவைக் கணக்கெடுக்கும் பதிவேடு போன்ற பணியா? நம் நாட்டில் சிறார்களுக்கும் இளையர்களுக்குமான நீரிழிவுப் பதிவேடு 2006-இலேயே தொடங்கியது, அப்படிப்பட்ட வேலைக்கும் பணம் தேவைதான், அதுவும் ஆராய்ச்சிதான். எதற்கு என்று தெரிந்தால் கொடுப்பவர் இன்னும் கொடுப்பார். நான் எழுதிக் கேட்ட பிறகு இரண்டு வாரத்தில் செலவுக் கணக்கு புலனத்தில் வந்தது. வேன், கூடாரம், அச்சு, சாப்பாடு என்று இனம் இனமாக, ஒளிவு மறைவு இல்லாமல் இருந்தது. மீதி எந்த நிலையத்தின் எந்த ஆய்வுக்குப் போனது என்ற வரி மட்டும் அதில் இல்லை. அந்த வரியை மறுபடியும் கேட்டிருக்கிறேன். நேற்று வரை பதில் இல்லை.

இத்தனை குறைகளையும் எழுதிய பிறகும், அடுத்த ஆண்டு நாங்கள் பெயர் கொடுப்போம். பாரத்தைத் திருத்தச் சொன்னபோது திருத்தியவர்கள் முதலுதவிப் பெட்டியையும் திருத்துவார்கள் என்று நம்புகிறேன். பலகைகளைத் தமிழில் எழுதித் தருவதாக என் மகள் தன் கையாலேயே அவர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள், நான் அதில் ஒற்றுப்பிழைகளை மட்டும் திருத்தினேன்.

அவர்கள் கொடுத்த வழிகாட்டித் தாளில் ஒரு வரியைச் சேர்க்கும்படியும் கேட்டிருக்கிறோம். நடை முடிந்து வீடு திரும்பியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. உழைத்த தசைகள் தாங்கள் இழந்த சர்க்கரையை மணிக்கணக்கில், சில நேரம் மறுநாள் வரைகூட, இரத்தத்திலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும். பிள்ளை தூங்கும்போது அது நடந்தால் யாருக்கும் தெரியாது. தாதி சொல்லியிருந்ததால் இரவு இன்சுலினைக் குறைத்து, படுக்கும் முன் பாலும் ரொட்டியும் கொடுத்திருந்தோம். வியர்வையில் சென்சாரின் ஒட்டு விளிம்பு கழன்று அது நின்றுபோயிருந்ததால், இரவு இரண்டு மணிக்கு எழுந்து, கைவிளக்கின் வெளிச்சத்தில், அவள் விழிக்காதபடி சுண்டு விரலில் குத்தினேன். 4.3. அரை டம்ளர் மைலோவைத் தூக்கத்திலேயே குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள். மூன்று மணிக்கு 6.0. அந்த இரவைப் பற்றிய ஒரு வரி மூன்று மொழியிலும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.